கிளம்பியாச்சு

சான்றிதழ் அளிக்கப்படவில்லை, ஆகவே அனுமதி இல்லை என்று ஏழாவது தடவையாகத் திரை சொன்னது, ஆங்கிலத்தில், மிகுந்த மரியாதையோடு, மன்னிக்கவும் என்று வேறு போட்டு. தில்லைநாயகி அதை ஏழாவது தடவையாகப் படித்தாள். ஏழு தடவை படித்தவளுக்கு எட்டாவது தடவை வேறு மாதிரி வரும் என்று எந்தக் கடவுள் வாக்குக் கொடுத்தது, ஆனாலும் படித்தாள். சுவர்க் கடிகாரத்தில் பத்து ஐம்பத்திரண்டு. பதினொன்று முப்பதுக்குப் படகு. நம் ஊர் நேரம் பதினொன்று முப்பது, அங்கே பத்து மணி. வளைகுடாவில் நங்கூரம் போட்டு நிற்கிற ஒரு கப்பலிலிருந்து கரைக்குப் போகிற படகு, இன்றைக்கு அது ஒன்றுதான், அதில் பெர்க்மான்ஸ் ஏற வேண்டும். ஏறிவிட்டால் சாயங்கால விமானம், ராத்திரி திருவனந்தபுரம், விடியும்போது தூத்துக்குடி, அம்மா முகத்தைப் பார்த்துவிடுவான். ஏறாவிட்டால் மதியம் கப்பல் நங்கூரத்தைத் தூக்கிவிடும், அடுத்த துறைமுகம் ஆப்பிரிக்காவில், பத்தொன்பது நாள் கழித்து. எந்த அம்மாவும் பத்தொன்பது நாள் ஐஸ் பெட்டிக்குள் படுத்துப் பிள்ளைக்காகக் காத்திருக்க மாட்டாள். கேப்டன் சரி என்றுவிட்டார், கப்பல் கம்பெனி சரி என்றுவிட்டது, மாற்று ஆள் பத்து நாற்பதுக்குக் கப்பலில் ஏறியும்விட்டான். பாக்கி இருப்பது மண்ணடியில், இரண்டாவது மாடியில், கப்பலுக்கு ஆள் அனுப்புகிற இந்தச் சின்ன ஆபீஸில், தில்லைநாயகி கம்பெனியின் வலைத்தளத்துக்குள் போய்ப் பெர்க்மான்ஸ் பெயருக்கு நேராக இருக்கும் ‘இறங்கலாம்’ என்கிற பொத்தானை அமுக்குவது. ஒரு விரல் வேலை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான் என்பார்கள், இங்கே பூசாரியும் கொடுக்கத் தயார், கோயில் கதவுதான் திறக்கவில்லை. அவள் எட்டாவது தடவையாகப் பக்கத்தைப் புதுப்பித்தாள். மன்னிக்கவும் என்றது.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை, அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருந்தால். காலை ஒன்பது மணிக்குப் பெர்க்மான்ஸின் தங்கை போன் பண்ணினாள், ஜெபமாலை என்று பெயர். பின்னால் பெண்கள் ஒரே குரலில் ஜெபம் சொல்வது கேட்டது, யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். “அக்கா, அண்ணன் கெளம்பியாச்சாக்கா? பங்குச் சாமியார் கேக்காரு. அண்ணன் வருதுன்னா நாளைக்கு நாலு மணிக்கு வச்சிக்கிடலாங்காரு, இல்லன்னா இன்னைக்கே எடுக்கணும்ங்காரு.” அப்போது தில்லைநாயகியின் கையில் பாதி குடித்த காப்பி. மாற்று ஆள் ஹோட்டலிலிருந்து புறப்பட்டுவிட்டான் என்று தகவல் வந்திருந்தது, மீதி எல்லாம் தானாக நடக்கும், நடக்காமல் எங்கே போகும், தினம் நடக்கிறதுதானே. அவள் சொன்னாள்: “கிளம்பியாச்சும்மா.” யோசித்தா சொன்னாள்? யோசித்துச் சொல்கிற வார்த்தையா அது? இந்தப் பட்டணத்தில் குளியலறைக்குள் நின்று தலைக்கு ஷாம்பு போட்டுக்கொண்டே சொல்கிற வார்த்தை. கிளம்பிட்டேன், வந்துட்டே இருக்கேன், அஞ்சு நிமிஷம், முக்கு திரும்பிட்டேன். சொல்கிறவனுக்கும் பொய் என்று தெரியும், கேட்கிறவனுக்கும் தெரியும், அதனால் யாருக்கும் அது பொய் இல்லை. ஆனால் சாவு வீட்டில் ஒரு பெண் அதை நிஜம் என்று நினைத்துக்கொண்டாள். ‘அண்ணன் கெளம்பியாச்சாம்’ என்று போனை வைப்பதற்கு முன்னாலேயே அவள் உள்பக்கம் திரும்பிக் கத்தியது இவளுக்குக் கேட்டது, அப்புறம் ஒரு ஆண் குரல், சரி அப்ப நாளைக்கே வச்சிக்கிடுவோம் என்று. கல்யாணத்துக்குத்தான் ஆயிரம் பொய் சொல்லலாம் என்று அனுமதி இருக்கிறது. சாவுக்கு அரைப் பொய்க்கும் இல்லை. நான் ஏன் சொன்னேன், என்ன அவசரம் எனக்கு, ‘இன்னும் இல்லைம்மா, பதினொரு மணிக்கு மேல் கூப்பிடு’ என்று சொல்ல எத்தனை வார்த்தை ஆகும்? காப்பி ஆறிவிடும் என்றா சொன்னாள்? ஆமாம், அதற்காகவும்தான். வெட்கமாக இருந்தது. அந்த டம்ளர் இன்னும் மேஜைமேலேயே இருந்தது, ஆடை படிந்து.

அதுவும் அவள் வாயிலிருந்தா அந்த வார்த்தை வரவேண்டும். அவள் புருஷன் ரகுபதி பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் பம்பாயிலிருந்து போன் பண்ணிக் கிளம்பிட்டேன் என்றான். ஸ்டேஷனில் இருக்கிறேன், வண்டி வந்துவிட்டது, நாளை மறுநாள் காலையில் உன் கையால் வத்தக்குழம்பு என்றான். பின்னால் ரயில் சத்தம்கூடக் கேட்டது, நிஜ ரயிலாகவே இருக்கலாம், பம்பாயில் எங்கே நின்றாலும் ரயில் சத்தம்தான். அவள் குழம்பு வைத்தாள், சுண்டைக்காய் வறுத்துப் போட்டு. அன்றைக்கு வரவில்லை, மறுநாளும் வரவில்லை. அப்புறம் வேறு காரணம், வேறு போன், அப்புறம் போனும் இல்லை. மனுஷன் பன்னிரண்டு வருஷமாகக் கிளம்பிக்கொண்டுதான் இருக்கிறான், பாவம், வண்டி ரொம்ப லேட் போல. செத்துப் போயிருந்தால் அழுதிருக்கலாம், விட்டுவிட்டுப் போகிறேன் என்று சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம், கிளம்பிட்டேன் என்று சொன்னவனை என்ன செய்வது, வாசலைத்தான் பார்க்க முடியும். லிஃப்ட் சத்தம் கேட்டால் ஒரு வருஷம் வரைக்கும் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தாள். அவ்வளவு பட்டவள், அந்த வார்த்தையை எடுத்து இன்னொரு பெண்ணுக்குக் கொடுத்திருக்கிறாள், காய்கறிக்காரன் கறிவேப்பிலை போடுகிற மாதிரி, சும்மா. பத்து ஐம்பத்தெட்டு. ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டி வாளியில் விழுந்தது. கீழே தெருவில் தள்ளுவண்டிக்காரன் எவனையோ வழிவிடச் சொல்லி வைதுகொண்டிருந்தான். பக்கத்தைப் புதுப்பித்தாள், மன்னிக்கவும்.

போன மாதம் வரைக்கும் இந்தத் தொல்லை கிடையாது. பெயர், கடவுச்சொல், உள்ளே போ, அமுக்கு. அதற்கும் முன்னால் ஒரு ஃபேக்ஸ் போதும். போன மாதம் கம்பெனி ‘ஒரே நுழைவு’ என்று ஒன்றைக் கொண்டுவந்தது. சம்பளம், டிக்கெட், மருத்துவச் சீட்டு, ஆள் ஏற்றம், ஆள் இறக்கம், எல்லாத் தளத்துக்கும் ஒரே சாவி, அந்தச் சாவி ஒரு சான்றிதழாக ஒவ்வொருவர் கம்ப்யூட்டருக்குள்ளும் உட்கார்ந்திருக்கும், தளம் கேட்டால் எடுத்து நீட்டும். இந்த ஆபீஸில் முதலாளிக்கு ஒன்று, தில்லைநாயகிக்கு ஒன்று. முதலாளி மரைக்காயர் இப்போது சிங்கப்பூர் விமானத்தில், போன் அணைந்து, மேகத்துக்கு மேலே எங்கேயோ பிரியாணி சாப்பிட்டுக்கொண்டு. கம்பெனியின் உதவி எண்ணில் ஒரு வெள்ளைக்காரப் பெண் குரல், பதிவு பண்ணின குரல், இருபத்துநாலு மணி நேரத்துக்குள் பதில் வரும் என்றது. இருபத்துநாலு மணி நேரம்! தில்லைநாயகி நீல உருண்டையை விட்டுவிட்டு ஆரஞ்சு உருண்டைக்குப் போனாள். இரண்டும் இணையத்தில் மேய்கிற பிரௌசர்கள், பெயரெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கிறது, ஆபீஸில் நிறத்தை வைத்துத்தான் கூப்பிடுவார்கள். ஆரஞ்சு திறந்தது, கம்பெனியின் கப்பல் படம் வந்தது, நெஞ்சு ஒரு துள்ளு துள்ளியது, அப்புறம் அதுவும் சொன்னது, உங்களிடம் சான்றிதழ் எதுவும் இல்லை. இல்லையா? இதே கம்ப்யூட்டர், இதே நாற்காலி, இதே பொம்பளை, எப்படி இல்லாமல் போகும்? ஒரே வீட்டில் இருந்துகொண்டு இந்தப் பெட்டியில் இருப்பது அந்தப் பெட்டிக்குத் தெரியாதாம், ஓரகத்திகள் மாதிரி. அவள் கப்பல் ஏஜென்ட் சாஜனைக் கூப்பிட்டாள், அங்கே படகை அனுப்புகிறவன். “சாஜன், சிஸ்டம் தகராறு பண்ணுது, ஆளை ஏத்திடுங்க, பேப்பர் பின்னாலயே வந்துடும்.” அவன் நல்ல பையன்தான், மலையாளம் தொட்ட தமிழில் கெஞ்சினான்: “மேடம், பேப்பர் இல்லாம ஆளைக் கரையில எறக்கினா இமிக்ரேஷன் என்னைப் பிடிச்சு உள்ள வைக்கும். சிஸ்டத்தில ஓகே விழுந்தா அந்த செகண்ட் லிஸ்ட் எனக்கு வரும், நான் ஏத்தும். ஆள் பேக் எடுத்து ஏணி கிட்ட நிக்கிறான் மேடம்.” அதை அவன் சொல்லியிருக்க வேண்டாம். பதினொன்று நாலு.

பேக் எடுத்து ஏணி கிட்ட நிற்கிறான். அவனை இரண்டு தடவை பார்த்திருக்கிறாள். கையெழுத்துப் போட வந்தபோது செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தவன், போட்டுக்கொண்டே வாங்க என்றாலும் கேட்காதவன், முப்பத்திரண்டு வயசு இருக்கும், எஞ்சின் அறையில் எண்ணெய் வேலை. நெருங்கிய உறவு என்ற கட்டத்தில் எல்லோரும் பெண்டாட்டி பெயர் போடுவார்கள், இவன் அம்மா பெயரைப் போட்டான், சூசையம்மாள், வீட்டுக்காரி கோவிச்சுக்க மாட்டாளா என்று இவள் கேலி பண்ணினபோது, “அவளுக்குத் தெரியாது மேடம்” என்று சிரித்தான். முந்தாநாள் ராத்திரி அம்மா போய்விட்டாள். நேற்றுக் காலை கப்பலிலிருந்து அவன் அனுப்பின கடிதம் இரண்டே வரி. மேடம் அம்மா போய்ட்டாங்க. என்னைய அனுப்புங்க. கேப்டன் மூலம் வரவேண்டியது, நேராக இவளுக்கே அனுப்பியிருந்தான், இவள்தான் கடலுக்கே அதிகாரி என்று நினைத்துக்கொண்டு. அனுப்புகிறேன் என்று இவளும் பதில் போட்டாள். சரி, புலம்பி என்ன ஆகப்போகிறது. ஆபீஸ் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிற சர்ஃபுதீனுக்கு மூன்றாவது தடவையாக அடித்தாள். இந்தத் தடவை எடுத்தான். “மேடம், கெளம்பிட்டேன் மேடம், வந்துட்டே இருக்கேன், பீச் ஸ்டேஷன் தாண்டிட்டேன்.” பின்னால் குக்கர் விசில் அடித்தது. ஒரு குழந்தை வாப்பா என்றது. தில்லைநாயகிக்குச் சிரிப்பு வந்தது, வாயைத் திறந்தால் அழுகையாக மாறிவிடும் என்று பயந்து, சீக்கிரம் வாங்க என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். பீச் ஸ்டேஷனில் எந்தக் குக்கர்? ஆனால் தாண்டிட்டேன் என்கிறானே, ஒருவேளை நிஜமாகவே தாண்டி, ஏதோ டீக்கடை ஓரம் நின்று, டீக்கடையில் குக்கர் இருக்காதா, குழந்தை இருக்காதா. நம்பினாள். வேறு வழியில்லாதவர்கள் நம்பித்தான் ஆகவேண்டும், ஜெபமாலையும் இப்படித்தான் நம்பியிருப்பாள். பத்து நிமிஷம் ஜன்னலோரம் நின்று தெருவைப் பார்த்தாள். வந்த பைக்கையெல்லாம் அவன் பைக் என்று நினைத்தாள்.

பதினொன்று பதினாறுக்கு மறுபடி அடித்தாள். “சர்ஃபுதீன், பொய் சொல்லாதீங்க, நீங்க வீட்லதான் இருக்கீங்க. ஒருத்தனோட அம்மா செத்துக் கிடக்குது. போன்லயே சொல்லுங்க.”  அவன் குரல் மாறியது, “சொல்லுங்க மேடம், ஸ்க்ரீன்ல என்ன வருது?” சொன்னாள். “காலைல மொதல்ல தொறந்தப்ப சின்னதா ஒரு பெட்டி வந்து எந்த சர்டிபிகேட்னு கேட்டுச்சா?” கேட்டது. இத்தனை நாள் கேட்காதது இன்றைக்குப் பத்து நாற்பத்திரண்டுக்குக் கேட்டது. “என்ன அமுக்குனீங்க?” கேன்சல் அமுக்கினேன். வேறு என்ன அமுக்குவாள்? எதிர்ச்சுவரில் இவனே அச்சடித்து ஒட்டின தாள் இன்னும் இருக்கிறதே, போன வருஷம் யாரோ எதற்கோ ஓகே கொடுத்து ஆபீஸ் முழுக்க வைரஸ் புகுந்து நாலு நாள் வேலை நின்றதே, அன்றிலிருந்து கட்டளை: எது வந்து கேட்டாலும் கேன்சல் கொடுக்கவும். “ஐயோ மேடம். அதத்தான் கேன்சல் குடுக்கக் கூடாது. ஒரு தடவ வேணாம்னு சொல்லிட்டீங்கன்னா அது ஞாபகம் வச்சுக்கும், அப்புறம் கேக்கவே கேக்காது. எல்லா ஜன்னலையும் மூடி, பிரௌசரயே மொத்தமா க்ளோஸ் பண்ணிட்டுத் தொறங்க, மறுபடி கேக்கும். ஆரஞ்சுல போவாதீங்க, அதுல நான் இன்னும் சர்டிபிகேட்டே ஏத்தல.” இவ்வளவுதானா? முப்பத்துநாலு நிமிஷம் கதவைத் தட்டிக்கொண்டிருந்தவளிடம், நீ காலையில் வேண்டாம் என்று சொன்னாயே அம்மா என்று எவராவது ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? சான்றிதழ் அளிக்கப்படவில்லை என்று அது சொல்லிக்கொண்டேதான் இருந்தது. அளிக்காதவள் இவள். இவள் அளிக்க மறுத்ததை இவளுக்கே இத்தனை தடவை மன்னிப்புக் கேட்டுச் சொல்லியிருக்கிறது. ஒவ்வொன்றாக மூடினாள், டிக்கெட் பக்கம், கப்பல் எங்கே நிற்கிறது என்று காட்டும் பக்கம், புடவைக் கடைப் பக்கம், அவசரத்தில் அண்டாவிலும் கை போகாது, மவுஸ் நழுவியது. மொத்தமாக மூடினாள். திறந்தாள். சுற்றியது, சுற்றியது. பதினொன்று இருபத்திரண்டு.

பெட்டி வந்தது. எந்தச் சான்றிதழ் என்று கேட்டது. மாரியாத்தா என்று வாய்விட்டுச் சொன்னாள். உள்ளே இரண்டு வரி. தில்லைநாயகி எஸ். தில்லைநாயகி ஆர். ஒன்றை நீலம் பண்ணி ஓகே கொடுக்க வேண்டியதுதான். எஸ் என்றால் சபாநாயகம், அப்பா. ஆர் என்றால் அந்தக் கிளம்பினவன். கல்யாணம் ஆன கையோடு இனிஷியலை மாற்று என்றார்கள், மாற்றினாள், ரேஷன் கார்டிலிருந்து வங்கி வரை ஒரு எழுத்தைப் பிடுங்கி இன்னொரு எழுத்தை நடுவதற்கு ஒரு வருஷம் அலைந்தாள். திரும்ப அப்பா எழுத்துக்கே வந்துவிட வேண்டும் என்று இந்தத் தை மாதம்தான் ரோஷம் வந்தது, கெஜட்டில் போட்டு, ஆதாரில் மாற்றி, கம்பெனிக்கும் எழுதினாள். கம்பெனி புதுப் பெயரில் ஒரு சான்றிதழும் அனுப்பி வைத்தது, கூடவே ஏதோ நீளமாக ஒரு கடிதம். அதை யார் கடைசி வரை படித்தார்கள். அவளுக்கு நினைவில் இருந்தது, எஸ் என்று தன் பெயரைத் திரையில் பார்த்த அந்த மத்தியானம் பாத்ரூமுக்குப் போய்க் கொஞ்சம் அழுதுவிட்டு வந்தது மட்டும்தான். ஒருத்தி மட்டும் இருந்தவரை எதுவும் கேட்காத பெட்டியில் இப்போது இரண்டு பேரும் ஒன்றன்கீழ் ஒன்றாக உட்கார்ந்து நீ யார் என்று கேட்கிறார்கள். ஆர் என்ற எழுத்தின்மேல் விரலை வைக்க அவளுக்கு மனசில்லை. அதுதான் உண்மை, அதற்கு மேல் அதில் ஒரு யோசனையும் இல்லை. நான் சபாநாயகம் மகள் என்று எஸ்ஸை அமுக்கினாள். சுற்றியது. இந்தப் பயனர் இன்னும் பதிவு செய்யப்படவில்லை, மாற்றம் பரிசீலனையில் உள்ளது, பாதுகாப்புக் கருதிப் பத்து நிமிடம் கழித்து மீண்டும் முயலவும், மன்னிக்கவும் என்றது. கீழே ஒரு சின்னக் கடிகாரம் ஒன்பது ஐம்பத்தொன்பது, ஒன்பது ஐம்பத்தெட்டு என்று பின்பக்கமாக ஓட ஆரம்பித்தது.

பத்து நிமிஷம் என்பது எவ்வளவு நீளம் என்று இதற்கு முன் அவளுக்குத் தெரியாது. சாஜனுக்கு அடித்து, பத்தே நிமிஷம், படகைப் பிடித்து வை என்றாள். “மேடம், வேற ஏழு ஆள் போட்ல உக்காந்தாச்சு. காத்து ஏறுது. ரெண்டு நிமிஷம், மூணு நிமிஷம் நான் பாக்கும், அதுக்கு மேல என் கைல இல்ல.” எட்டு நாற்பது, எட்டு முப்பத்தொன்பது. சர்ஃபுதீனுக்கு அடித்தாள், அதை ஒன்றும் பண்ண முடியாது மேடம், அது அவங்க சர்வர் என்றான், பழைய பேர்ல போயிருக்கலாமே மேடம் என்றான், சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டது போனிலேயே தெரிந்தது. போயிருக்கலாம். அந்த எழுத்தை இத்தனை வருஷம் சுமந்தவளுக்கு இன்னும் ஒரு நிமிஷம் சுமக்க முடியவில்லை. கோபம் யார்மேல், ரகுபதிமேல். அடி வாங்கினது யார், அவனுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு தூத்துக்குடிக்காரன். ஏழு பத்து. போன் அடித்தது, ஜெபமாலை. எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்தது. எழுந்து தண்ணீர் குடித்தாள், மறுபடி உட்கார்ந்தாள். கப்பலின் பக்கவாட்டில் தொங்குகிற ஏணியை அவள் நேரில் பார்த்ததில்லை, படத்தில்தான், ஆனால் இப்போது அந்தப் படியில் உப்புத் தண்ணீர் தெறிப்பது காலில் பட்டது. அவன் குனிந்து கீழே படகைப் பார்க்கிறான். படகில் இருக்கிறவர்கள் அண்ணாந்து அவனைப் பார்க்கிறார்கள், வாய்யா என்கிறார்கள். அவன் கேப்டனைப் பார்க்கிறான். கேப்டன் திரையைப் பார்க்கிறார். திரை இவளைப் பார்க்கிறது. மறுபடி போன், அதே எண். இதை எடுத்து என்ன சொல்வது, இன்னும் ஐந்து நிமிஷத்தில் நிஜமாகிவிடும் ஒரு பொய்யை ஏன் இப்போது அவிழ்க்க வேண்டும், ஆகிவிட்டால் யாருக்குமே தெரிய வேண்டியதில்லை, நாளை நாலு மணிக்கு அவன் மண் அள்ளிப் போடுவான், என்றைக்காவது இந்தப் பக்கம் வந்தால் நன்றி மேடம் என்பான், இவளும் பரவாயில்லை என்பாள். நாலு இருபது. வேண்டுதல் எதுவும் வாயில் வரவில்லை. மூன்று. அவள் அப்பா சாகும்போது பக்கத்திலேயே இருந்தாள், கையைப் பிடித்துக்கொண்டு, அதனால் இந்தத் துக்கம் எப்படி இருக்கும் என்று தெரியாது, பார்க்காமல் போகிறது எப்படி இருக்கும் என்று தெரியாது, தெரியாமலேயே அடுத்தவனுக்கு அதைச் செய்துகொண்டிருக்கிறாள். ஒன்று முப்பது. கடிகாரம் பதினொன்று முப்பதைத் தாண்டிவிட்டது. மூன்று நிமிஷம் நான் பார்க்கும் என்றானே சாஜன், பாருப்பா, உன் பிள்ளைகுட்டி நன்றாக இருக்கட்டும், இன்னும் கொஞ்சம் பாரு.

பூஜ்யம் வந்ததும் எல்லாவற்றையும் மூடித் திறந்தாள். பெட்டி வந்தது. ஆர். கண்ணை மூடிக்கொண்டா அமுக்கினாள், இல்லை, நன்றாகப் பார்த்துத்தான் அமுக்கினாள், இப்போது எந்த ரோஷமும் மிச்சம் இல்லை, யார் பெண்டாட்டி என்று சொன்னாலும் சொல்லிவிட்டுப் போ, கதவைத் திற. வாருங்கள் தில்லைநாயகி ஆர் என்றது. ஆள் இறக்கம். கப்பல் பெயர். பட்டியல் ஏறி இறங்கியது, ஒவ்வொரு பெயராக வந்தது, எந்தப் பாவி இதை அகர வரிசையில் வைக்காமல் விட்டான், இதோ, மிக்கேல் பெர்க்மான்ஸ், ஆயிலர், காரணம் குடும்பத்தில் மரணம். இறங்கலாம். அமுக்கினாள். உறுதிதானா என்றது. உறுதி, உறுதி, உறுதிடா. பச்சை டிக் விழுந்தது. பதினொன்று முப்பத்தாறு. நாற்காலியில் சாய்ந்தாள், ஏதோ பெரிய காரியம் முடித்தவள்போல ஒரு நொடி உடம்பெல்லாம் லேசாகிவிட்டது, அந்த ஒரு நொடி சந்தோஷத்துக்காக அப்புறம் பல நாள் தன்னைத் தானே வைதுகொண்டாள். சாஜன் அவனாகவே கூப்பிட்டான். “லிஸ்ட் இப்ப வந்தது மேடம். போட் விட்டுப் போயி. நாலு நிமிஷம் நான் பிடிச்சு வச்சேன், அதுக்கு மேல போட்காரன் கேக்கல. அந்த ஆள் ஏணியில பாதி எறங்கி நின்னு. திரும்ப மேல போகச் சொன்னாங்க.” திருப்ப முடியாதா, வேறு படகு, எவ்வளவு ஆனாலும், முதலாளியிடம் நான் சொல்லிக்கொள்கிறேன் என்றாள். “காத்துக்கு வேற போட் எறக்க மாட்டாங்க மேடம். பன்னண்டுக்கு ஷிப் நகரும்.”  ஸாரி மேடம் என்றான், அவன் எதற்கு ஸாரி சொல்ல வேண்டும். திரையில் பச்சை டிக் அப்படியே இருந்தது, பெர்க்மான்ஸ் இறங்கலாம் என்று.

போன் மறுபடி அடித்தது. தில்லைநாயகி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எடுக்காமல் இருக்கலாம். சாயங்காலம் வரை எடுக்காமல் இருக்கலாம், ராத்திரி மரைக்காயர் சிங்கப்பூரிலிருந்து பேசிக்கொள்ளட்டும், அதற்குள் கப்பலிலிருந்து அவனே எப்படியாவது சொல்லிவிடுவான், ஆட்கள் இப்படித்தான் தப்பிக்கிறார்கள், ரகுபதி இப்படித்தான் தப்பித்தான். எடுத்தாள். “அக்கா, ரெண்டு மூணு தடவ அடிச்சேன்க்கா, வேலையா இருந்தியளா. அண்ணன் போன் எடுக்கலக்கா. போட்ல போயிட்டிருக்கும்போது டவர் இருக்காதுல்லக்கா?” பின்னால் ஜெபம் இப்போது இல்லை, பாத்திரம் கழுவுகிற சத்தம், வந்தவர்களுக்குச் சாப்பாடு நடக்கிறது போல. “சாமியார்ட்ட நாலு மணின்னு சொல்லியாச்சு, மெட்ராஸ்ல இருந்து சித்தப்பாகூட நாளைக்கு வாறேன்னுட்டாரு.” தில்லைநாயகி, “அம்மா, கொஞ்சம் உட்கார்ந்துக்கிறியா?” என்றாள். “உக்காந்துதான்க்கா இருக்கேன், அம்மா பக்கத்துல.” அதற்கு மேல் சுற்றி வளைக்க அவளால் முடியவில்லை. “உங்க அண்ணன் கிளம்பலைம்மா. கப்பல்லதான் இருக்கார். காலையில நான் சொன்னது பொய்ம்மா. அப்ப கிளம்பலை. அப்புறம் நான் இங்க பொத்தானை அமுக்கறதுக்குள்ள படகு போயிடுச்சு. வேற யார் மேலயும் தப்பு இல்லை, நான்தான் லேட் பண்ணினேன்.” கத்துவாள் என்று எதிர்பார்த்தாள், கத்தினால் நன்றாக இருக்கும் என்றிருந்தது, நீ நாசமாய்ப் போக என்று ஒரு வார்த்தை. அவள் கத்தவில்லை. அந்தப் பக்கம் யாரோ என்னவாம்ளா என்று கேட்டார்கள். எதுவும் தெரியாத ஒரு ஆபீஸில் போய் நின்று விசாரிக்கிற குரலில், மரியாதையாக, ஜெபமாலை கேட்டாள்: “அப்ப இன்னைக்கே எடுத்துரலாமாக்கா?” இதை என்னிடம் ஏன் கேட்கிறாய் என்று சொல்ல வாயைத் திறந்தாள். மூடினாள். அந்தப் பெண் காத்திருந்தாள். “எடுத்துருங்கம்மா” என்றாள் தில்லைநாயகி. “சரிக்கா” என்றாள் அவள்.